கால் பலகையும் மூன்றாம் மாடி அக்காவும்

"தெரியாது" என்ற சொல்லை அவரைப் போல அடிக்கடி, அவரைப் போலக் கூச்சமில்லாமல் சொன்ன இன்னொருவரை நான் கண்டதில்லை.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி இருக்கிறது. நானும் மனைவியும் இரண்டாம் மாடி. அவர் எங்களுக்கு நேர் மேலே, மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். ஓர் ஆய்வு நிலையத்தில் விஞ்ஞானி. கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஆனால் யாராவது "டொக்டர்" என்று கூப்பிட்டால், "நான் மருந்து தாற டொக்டர் இல்லை, பிறகு காய்ச்சலோட வந்து நிப்பீங்கள்" என்பார். என்னைவிட இரண்டு வயது மூப்பு. அதனால் நான் அக்கா என்றேன். கொஞ்ச நாளில் முழுக் கட்டிடமும் அவரை அக்கா என்றது, அவரைவிட மூத்தவர்கள் உட்பட.

ஒருமுறை நாலாம் மாடியில் இருந்த வங்கி உத்தியோகத்தருக்குக் கலியாணம் பேசினார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினார்கள். நாங்கள் எல்லோரும் "தங்கமான பிள்ளை" என்றோம். அக்கா மட்டும், "எனக்கு அவரைத் தெரியாது. ஆக்கள் வந்தா லிஃப்ட் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார். ரெண்டு தரம் கண்டிருக்கிறன். அவ்வளவுதான் தெரியும்" என்றார். மாப்பிள்ளையின் தாயார் அக்காவுடன் ஒரு வருடம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. கலியாணம் நடந்தது. பெண்ணின் தகப்பன் பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்: "நீங்கள் எல்லாரும் சொன்னது ஒண்டும் ஞாபகம் இல்லை. கதவைப் பிடிச்சுக்கொண்டு நிப்பார் எண்டது மட்டும் மனசில நிண்டிட்டுது."

நாடே காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் கட்டிடத்தில் ஆளுக்கொரு ஆரூடம். நாளைக்கு லொறி வரும் என்பார் ஒருவர். இல்லை, வெள்ளிக்கிழமை என்பார் இன்னொருவர். அக்காவைக் கேட்டால் "தெரியாது" என்பார். ஆனால் ஒரு விடியற்காலை எங்கள் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அக்கா, வீட்டுச் சட்டையோடு, மூச்சு வாங்கிக்கொண்டு. "லொறி வந்து நிக்குது. கண்ணால பாத்திட்டு வாறன். சிலிண்டரை எடுங்கோ." அப்படியே கீழ் வீடுகளையும் தட்டிக்கொண்டு இறங்கினார். கடைசியில் அவர் வரிசைக்கு வந்து சேர்ந்தபோது முன்னால் ஐம்பது பேருக்கு மேல் நின்றார்கள். அன்று அவருக்குச் சிலிண்டர் கிடைக்கவில்லை.

எனக்கும் அவருக்கும் பழக்கம் கூடியது தொழிலால். நான் மொழிபெயர்ப்பாளன். கூட்டங்களில் சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே உரைபெயர்ப்பும் செய்வேன். அவர் தனது ஆய்வில் சேரும் நோயாளிகளுக்குக் கொடுக்கும் விளக்கப் பத்திரத்தை மொழிபெயர்க்கத் தந்தார். இரண்டே பக்கம். மூன்று வாரம் எடுத்தது.

ஆய்வு சீனி வருத்தக்காரரின், அதாவது நீரிழிவு நோயாளரின், கால்களைப் பற்றியது. சீனி நாட்பட்டால் பாதத்தில் உணர்ச்சி மங்கிவிடும். கல்லோ முள்ளோ குத்தினாலும் தெரியாது. புண் பெருத்து, கடைசியில் காலையே எடுக்க வேண்டி வரும். ஆனால் புண் வெளியில் தெரிய முதலே அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சூடாகிவிடும். அதைக் காட்ட அவரும் அவருடைய குழுவும் ஒரு பலகை செய்திருந்தார்கள். குளியலறைத் தராசை விடக் கொஞ்சம் அகலம். மேலே, சூட்டுக்கு நிறம் மாறும் ஒரு தாள். வெறுங்காலோடு ஒரு நிமிடம் ஏறி நின்று இறங்கினால் இரண்டு பாதங்களும் நிறம் நிறமாகப் பதிந்திருக்கும். சூடு கூடிய இடம் சிவப்பாகத் தெரியும் என்று நினைத்தேன். இல்லை, நீலம். மின்சாரம் தேவையில்லை. விலையும் குறைவு.

நான் பத்திரத்தில் "இப்பலகை உங்கள் கால்களைப் பாதுகாக்கும்" என்று எழுதியிருந்தேன்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"பாதுகாக்க உதவும் எண்டு போடட்டோ?"

"உதவுமோ எண்டு பாக்கிறம். அதைத்தான் போடவேணும்."

"அப்பிடிப் போட்டா ஆர் அக்கா வருவினம்?"

"வாற ஆக்கள் வரட்டும்."

வந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய கிளினிக்கில் அளவெடுத்தார்கள். பல மாதம் போன பிறகுதான் அக்கா ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். வெயிலில் நடந்து வந்தவர்கள் சப்பாத்தைக் கழற்றிப் பத்து நிமிடம் ஆறியிருந்த பிறகுதான் பலகையில் ஏற வேண்டும். சனம் கூடிய நாட்களில் சிலரை உடனேயே ஏற்றிவிட்டிருந்தார்கள். எவரெவர் என்று குறிப்பு இல்லை. அந்தக் கிளினிக்கின் அளவுகள் முழுவதையும் அவர் தள்ளிவிட்டார். பிறகு பலகையைப் படுக்கை விரிப்பில் சுற்றி, திரீவீலில் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகத் திரும்பவும் போனார். சனி ஞாயிறுகளில் நானும் கூடப் போனேன்.

கொட்டாஞ்சேனையில் தையல்கடை வைத்திருந்த ஒருவர், "அப்ப முதல் எடுத்தது பிழையோ மிஸ்?" என்று கேட்டார்.

"ஓம். பிழை. என்ட பிழை. நான் பக்கத்தில நிண்டு பாத்திருக்க வேணும்."

அந்த மனிதர் அளவுநாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து வைத்துவிட்டு எங்களுக்கு பால் விடாத இரண்டு பிளேன்ரீ சொல்லி அனுப்பினார். இவ்வளவு காலத்தில் ஒரு படித்த ஆள் தன்னிடம் வந்து பிழை என்று சொன்னது இதுதான் முதல் தரம் என்றார்.

இதற்குப் பிறகுதான் அந்தக் கூட்டம் நடந்தது.

சுகாதார விடயங்களைப் பார்க்கும் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலருக்கு, உள்ளூர் விஞ்ஞானிகள் தங்கள் புதிய ஆய்வுகளைக் காட்டும் ஒரு நாள். கொழும்பில் ஒரு மண்டபம். ஆறு குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிடம். உறுப்பினர்களுக்குப் பிடித்துப்போனால் அரச கிளினிக்குகளில் அந்த முறையைச் சோதித்துப் பார்க்க வழி பிறக்கும். அக்காவின் குழுவுக்கு அது மிகவும் தேவையாக இருந்தது. கையிலிருந்த உதவித்தொகை முடியும் கட்டம். உரைபெயர்ப்பாளர்களில் ஒருவனாக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். மண்டபத்தின் பின்பக்கம், கண்ணாடிக் கூண்டுக்குள், காதில் கருவியோடு உட்கார்ந்திருந்தேன்.

அக்காவுக்கு முன்னால் பேசியவர் ஒரு தொலைபேசிச் செயலி காட்டினார். எந்தக் கேள்வி கேட்டாலும் "நிச்சயமாக" என்றார். உறுப்பினர்கள் கை தட்டினார்கள்.

அக்கா பலகையைத் தரையில் வைத்தார். "ஆராவது ஏறிப் பாக்கலாம்" என்று மூன்று மொழியிலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சப்பாத்தைக் கழற்ற ஒருவரும் தயாரில்லை. கடைசியில் மலையகத்து உறுப்பினர் ஒருவர் எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி இல்லை, காற்சட்டைதான். குனிந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினார். காலுறையின் பெருவிரல் பக்கம் கிழிந்திருந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. பத்து நிமிடம் ஆறியிருந்து, பேச்சு முழுவதையும் வெறுங்காலோடு கேட்டு, பிறகு ஏறி நின்றார். இரண்டு பாதமும் ஒரே நிறமாகப் பதிந்தன.

"உங்கட கால் ரெண்டும் ஒரே சூடு" என்றார் அக்கா.

அந்த மனிதர் கதிரைக்குப் போகவில்லை. நின்றபடியே தமிழில் கேட்டார்.

"எங்க அம்மா தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க. சீனி வருத்தம். முழங்காலுக்குக் கீழ கால எடுத்துட்டாங்க. இந்தப் பலகை வந்தா இனிமே யாருக்கும் அப்படி நடக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா?"

முன்வரிசையில் இருந்த, அக்காவின் ஆய்வு நிலையப் பணிப்பாளர் அவரைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டுவது கூண்டுக்குள் இருந்த எனக்கே தெரிந்தது. ஓம் சொல், ஓம் சொல் என்ற தலையாட்டல்.

"சொல்லேலாது ஐயா" என்றார் அக்கா. "எனக்குத் தெரியாது. சூடான இடத்தை இது காட்டும். அது தெரியும். அந்த இடத்தைக் கவனிச்சா புண் வராமல் விடுமோ, காலை எடுக்க வேண்டி வராதோ எண்டது இன்னும் தெரியாது. அதை அறியத்தான் உங்களிட்டை வந்திருக்கிறம்."

இதை நான் சிங்களத்தில் சொல்ல வேண்டும். உறுப்பினர் குழுவின் தலைவருக்குத் தமிழ் தெரியாது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: சூடான இடத்தை இது காட்டும், அந்த இடத்தைக் கவனித்தால் காலை எடுப்பதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம் என்று நம்புகிறோம், அதை உறுதிப்படுத்த உங்களிடம் வந்திருக்கிறோம்.

தலைவர் திருப்தியோடு தலையாட்டினார். ஏதோ எழுதவும் தொடங்கினார்.

அக்காவின் காதிலும் கருவி இருந்தது. அதைக் கழற்றி மேசையில் வைத்தார். "சேர், மங் கிவ்வே எஹெம நெமெய்" என்றார். நான் சொன்னது அப்படியல்ல. பிறகு தெளிவான சிங்களத்தில் தொடர்ந்தார்: பெரும்பாலும் என்ற சொல் என்னுடையதல்ல. எங்களுக்கு இன்னும் தெரியாது என்றுதான் சொன்னேன்.

கூண்டுக்குள் பக்கத்தில் இருந்தவர் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் காது இரண்டும் எரிந்தன. இருபது வருடத் தொழிலில் எனக்கு அப்படி நடந்ததில்லை.

தலைவர் எழுதுவதை நிறுத்தினார். மலையகத்து உறுப்பினரின் முகம் இறுகியது. "தெரியாதுன்னா எதுக்கும்மா எங்க நேரத்த வீணாக்குறீங்க?"

"தெரியாததைத் தெரியும் எண்டு சொன்னா இதைவிடக் கனக்க நேரம் வீணாப் போகும் ஐயா."

அவர் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு தன் கதிரைக்குப் போனார். வேறு கேள்விகள் வரவில்லை. வெளியே போகும்போது பணிப்பாளர் அக்காவைப் பார்த்து, "ஒரு ஓம் சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு நான் கூண்டிலிருந்து இறங்கினேன். அக்கா தனியாக, முழங்காலில் இருந்து, பலகையைப் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"நல்லது செய்யத்தான் மாத்தினீங்கள். விளங்குது. ஆனா நான் சொல்லாததை என்ட வாயில வைக்காதேங்கோ. நாளைக்கு ஒரு ஆள் அதை நம்பிக் காலைப் பாக்காமல் விட்டா, அந்தப் பொய் என்ட பொய்." முடிச்சுப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு ஒரு சொல்லும் பிசகாதே. இண்டைக்கு ஏன்?"

நான் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது. "அது சரிவரவேணும் எண்டு எனக்கு ஆசை அக்கா. எனக்கும் சீனி."

நாலு வருடமாக மனைவியைத் தவிர எவருக்கும் சொல்லாத விடயம். அவரோடு அத்தனை வீடுகளுக்குப் போயும் ஒருநாளும் பலகையில் ஏறாமல் தப்பிக்கொண்டே இருந்தவன் நான்.

அவர் போட்ட முடிச்சை அவிழ்த்தார். விரிப்பை விரித்துப் பலகையை நடுவில் வைத்தார். "சப்பாத்தைக் கழட்டுங்கோ. பத்து நிமிசம் இருங்கோ. பிறகு ஏறுங்கோ."

ஏறி இறங்கினேன். வலது பாதம் ஒழுங்காக இருந்தது. இடது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே, சின்னக் காசு அளவில் ஒரு நீலப் பொட்டு.

அவர் என் இடது சப்பாத்தை எடுத்து உள்ளே கைவிட்டுத் தடவினார். கையை வெளியே எடுத்தபோது விரல் நுனியில் கீறல். அடித்தோலைத் துளைத்துக்கொண்டு ஓர் ஆணி மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"இது குத்தேல்லையோ?"

"இல்லை."

"எத்தினை நாளா இந்தச் சப்பாத்தைப் போடுறீங்கள்?"

"போன மாசம்தான் புது அடித்தோல் அடிக்கக் குடுத்து எடுத்தனான்."

இருவரும் கொஞ்ச நேரம் அந்தச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். "புண் வருமோ அக்கா?"

"தெரியாது. நாளைக்குக் காலமை கிளினிக்குக்குப் போறம்."

போறம் என்றார், போங்கோ என்றல்ல. காலை ஆறரைக்குக் கதவைத் தட்டினார். இலக்கம் எடுத்து, மர வாங்கில் என் பக்கத்தில் நாலு மணித்தியாலம் இருந்தார். தடித்திருந்த தோலை டொக்டர் சீவியபோது உள்ளே இரத்தம் கன்றிப் போயிருந்தது. அதன் அடியில் புண் தொடங்கியிருந்தது. ஒன்றரை மாதம் மருந்து கட்டினேன். ஆறியது.

மனைவி ஒரு பாத்திரம் நிறைய உளுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு மேலே போனாள். நானும் போனேன். "நீங்கள் இல்லாட்டி இவருக்குக் கால் போயிருக்கும் அக்கா" என்று அழுதாள்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. அது எங்களுக்குத் தெரியாது. நான் பாக்காட்டியும் நீங்கள் பாத்திருக்கலாம். அந்த ஆணி தானாக் கழண்டும் விழுந்திருக்கலாம்." ஒரு வடையை எடுத்துக் கடித்தார். "வடை நல்லா இருக்கு. அது தெரியும்."

மனைவி அழுகையோடு சிரித்தாள். எனக்குத்தான் உள்ளுக்குள் ஒரு குறை. நன்றி சொல்லப் போனால் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறார். எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது?

அந்தக் கூட்டத்தால் அக்காவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பணிப்பாளர் அவரைக் கண்டால் பாதை மாறிப் போனார். உதவித்தொகை முடிந்து, குழுவில் இருந்த இரண்டு பேர் வெளிநாடு போனார்கள். பலகை அவர் வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஏழெட்டு மாதம் போன பிறகு, ஒருவரும் எதிர்பாராத நேரத்தில் ஒரு கடிதம் வந்தது. மூன்று அரச கிளினிக்குகளில் சோதித்துப் பார்க்க அனுமதி. யார் முயற்சியில் வந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதன் பிறகு மூன்று வருடம் அவர் ஓயவில்லை. இந்த முறை ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் தானே நின்று நேரம் பார்த்தார். விளக்கப் பத்திரம் அதேதான், ஒரு சொல்லும் மாறவில்லை.

முடிவுகள் வந்த கிழமை என்னிடம் வந்தார். "ஞாயிற்றுக்கிழமை வத்தளைக்குப் போகவேணும். வாறீங்களோ?"

"அங்க ஆர்?"

"கேள்வி கேட்டவர்."

மலையகத்து உறுப்பினர் அடுத்த தேர்தலில் தோற்றுப்போயிருந்தார். வத்தளையில் மகள் வீட்டில் இருந்தார். புறக்கோட்டையில் நீர்கொழும்பு வீதி பஸ் எடுத்துப் போனோம். சாரத்தோடு வெளியே வந்தவருக்கு முதலில் எங்களை யாரென்று மட்டுக்கட்ட முடியவில்லை. பலகை என்றதும் முகம் மாறியது. உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஐயா, அண்டைக்கு நீங்கள் ஒண்டு கேட்டனீங்கள். இப்ப கொஞ்சம் தெரியும்" என்று அக்கா தொடங்கினார். "பலகையில பாத்து, சூடு கண்ட உடனே கவனிச்ச ஆக்களுக்குப் புண் வந்தது குறைவு. எல்லாருக்கும் இல்லை. ஆனா குறைவு. காலை எடுக்கிறதும் குறையுமோ எண்டு சொல்ல இன்னும் சில வருசம் வேணும். அது இப்பவும் தெரியாது."

அவர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "பதவியில இல்லாத ஆளுகிட்ட இதச் சொல்லவா பஸ் ஏறி வந்தீங்க?"

"நீங்கள்தானே கேட்டனீங்கள்."

அவர் சொன்னார்: "அன்னைக்கு வீட்டுக்குப் போற வரைக்கும் எனக்கு உங்க மேல கோவந்தான். ராத்திரி படுத்தா தூக்கம் வரல. எங்க அம்மாவுக்குக் கால எடுக்குறதுக்கு முந்தின வாரம் வரைக்கும் எல்லாரும் 'சரியாயிடும், சரியாயிடும்'னுதான் சொன்னாங்க. மருந்து கட்டினவரு சொன்னாரு, பக்கத்து லயத்து வீட்டுக்காரங்க சொன்னாங்க, நானும் சொன்னேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் அவங்கள அன்னைக்கே கொழும்புக்குத் தூக்கிட்டு வந்திருப்பேன். அதான் உங்க பலகைக்காக அமைச்சுக்குக் கடுதாசி எழுதினேன். ஒன்னு இல்ல, மூணு. நேர்லயும் போயி நின்னேன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சனம். இருவரும் நின்றுகொண்டே வந்தோம். களனிப் பாலத்தில் வாகனங்கள் ஊர்ந்தன. எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"இப்பவாவது சொல்லலாமோ அக்கா? என்ட காலைக் காப்பாத்தினது நீங்கள்தான் எண்டு."

அவர் கீழே ஆற்றைப் பார்த்தார். நான் சொன்னதை ஒரு ஆய்வுக் கேள்வியைப் போலவே எடுத்து யோசிக்கிறார் என்று பட்டது.

"புண் வந்த ஆக்கள் எத்தினை, வராத ஆக்கள் எத்தினை எண்டு எண்ணலாம். உங்கட ஒரு காலை மட்டும் எடுத்து வைச்சு எண்ணேலாது. அதால எனக்குத் தெரியாது. ஆனா அண்டைக்கு அந்த ஆணியில கை பட்டதில இருந்து, அப்பிடித்தான் இருக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. ஒவ்வொரு நாளும் உங்கட கால் சத்தம் படியில கேக்கேக்க சந்தோசப்படுறனான்."

அவர் ஆசை என்று ஒன்றைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சனத்துக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் அவர் மட்டக்களப்புக்கு வேலை மாறிப் போய்விட்டார். மூன்றாம் மாடியில் இப்போது வேறு குடும்பம்.

வத்தளையிலிருந்து திரும்பிய அன்று, ஆமர் வீதியில் பாதிப் பேர் இறங்க, எங்களுக்குப் பக்கத்தில் ஒரு சீட் காலியானது. "இருங்கோ" என்றார் என்னிடம். இல்லை, நீங்கள் இருங்கோ என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இருந்தேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், புறக்கோட்டை வரைக்கும்.